சாட்லர் கண்ட கல்வி

பிறநாட்டுப் பாடத்திட்டமொன்று நம் பாடசாலைகளுக்கு வந்து சேருந்தோறும் யான் நினைந்துகொள்ளும் பெயர் மைக்கேல் சாட்லர் என்பது. 1861இல் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி நகரிற் பிறந்து ஒக்ஸ்போர்டிற் பயின்ற இவர், 1895இல், பிறநாட்டுக் கல்விமுறைகளை ஆராயும் அரசாங்க அலுவலகத்துக்குத் தலைவரானார். ஜேர்மனி, அமெரிக்கா முதலிய நாடுகளின் கல்வி பற்றிய பெருந்தொகுதிகள் அங்கிருந்து வெளிவந்தன.

வியப்பு யாதெனில், அத்துணை நாடுகளையும் ஆராய்ந்தவரே கடன்வாங்குதலைக் கண்டித்தமையாகும். பாடசாலைக்கு வெளியேயுள்ள வாழ்வே பாடசாலையை ஆக்குகின்றது. பிறர் முறையைக் கற்பதன் பயன் நம் முறையைத் தெளிதலே. 1900இல் கில்ட்போர்டில் ஆற்றிய உரையிலே இதனை நிறுவினார். ஒப்பீட்டுக் கல்வி பயில்வோர் இன்றும் அவ்வுரையைக் கற்பர்.

தம் ஆராய்ச்சியின் சுதந்திரத்தை மேலிடம் சுருக்க முற்படவே, 1903இல் பதவியைத் துறந்தார். எத்தனைபேர் துணிவர்? பின்னர் மஞ்செஸ்டரிற் பேராசிரியராகவும், 1911 முதல் லீட்ஸில் துணைவேந்தராகவும் விளங்கினார்.

நமக்கு அணுக்கமானது அவர்தம் கல்கத்தாப் பணி. 1917இல் அப்பல்கலைக்கழக ஆணைக்குழுவின் தலைவராய் அமர்ந்து, அசுதோஷ் முகர்ஜி முதலியோருடன் ஆராய்ந்து, 1919இல் 13 தொகுதிகளில் அறிக்கையளித்தார். உயர்நிலைப் பாடசாலைகளிற் பெரும்பாலான பாடங்களைத் தாய்மொழியிற் கற்பிக்க வேண்டுமென்பது அதன் விதப்புரைகளுள் ஒன்று. தமிழ் கற்பிக்கும் எனக்கு அஃதொன்றே போதும். ஆயினும், டாக்காவில் மாணவர் உறைந்து பயிலும் பல்கலைக்கழகத்தை அவர் ஆதரித்ததில் ஒக்ஸ்போர்டின் சாயல் இல்லையென்று யான் சொல்லேன். அது 1921இல் திறக்கப்பட்டது. இரண்டாண்டின் பின் சாட்லர் ஒக்ஸ்போர்டுக்கே மீண்டு, கல்லூரித் தலைவராய் 1934வரை இருந்து, 1943இல் மறைந்தார்.