படுக்கை அறையில் எரிந்த விளக்கு



இந்த மாதம் ஒரு தேவ ஊழியக்காரியின் ஜீவியத்தை உங்கள் முன் வைக்கிறேன். அதற்கு முன்னால் என்னுடைய தவறு ஒன்றை அறிக்கை செய்ய வேண்டியதிருக்கிறது.

நம்ம சபையில் ஒரு பெரியவர் உண்டு. பேர் எழுதவில்லை. எழுதலாமா என்று கேட்டதற்கு, பேர் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாற்பது வருஷத்துக்கு மேலே கடலுக்குப் போனவர். எந்தக் காற்றுக்கு எங்கே மீன் கிடக்கும் என்று கரையில் நின்றே சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்து பாய் விரிப்பதும் அவர்தான். பிறகு முழங்காலில் வலி வந்தது, கண் மங்கியது, வீட்டம்மாவும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அதோடு மனுஷன் ஒடுங்கிவிட்டார். ஆராதனைக்கு வருவதில்லை. சாப்பாட்டில் ருசி இல்லை. மகன் புது வலை வாங்கி வந்தால்கூட திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் போனேன். தலையில் கை வைத்து ஜெபித்தேன். காலேப் 85 வயதில் மலைநாட்டைக் கேட்டானே, நீங்க ஏன் இப்படிப் படுத்துக் கிடக்கிறீங்க, விசுவாசத்தோடு எழும்பி வாங்க என்று சத்தமாய்ப் பேசிவிட்டு வந்தேன். நல்ல ஊழியம் செய்த திருப்தி எனக்கு! இரண்டு நாள் கழித்து அவர் மகள் வழியில் என்னைக் கண்டு ஒரு காரியம் சொன்னார். நான் போன பிறகு அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, காலும் போச்சு, கண்ணும் போச்சு, இப்போ விசுவாசமும் போச்சு போல என்று சொல்லி அழுதாராம்.

பிரியமானவர்களே, அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்த நாட்களில் வாசித்த ஒரு ஜீவிய சரித்திரம் நினைவுக்கு வந்தது. நம்ம தமிழ்நாட்டு மண்ணிலேயே அடக்கம் பண்ணப்பட்டிருக்கிற எமி கார்மைக்கேல் அம்மையாரின் சரித்திரம் அது. அதை மறுபடி எடுத்துப் படித்தேன். இந்த முறை வாலிப வயதுப் பகுதியை அல்ல, கடைசி இருபது வருஷத்தைப் படித்தேன்.

ஓயாமல் ஓடின கால்கள்

எமி அம்மையார் 1867-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி அயர்லாந்தின் வடபகுதியில் மில்லைல் என்ற கடலோர கிராமத்தில் பிறந்தார். நம்மைப் போலவே உப்புக் காற்றில் வளர்ந்த பிள்ளை. ஏழு பிள்ளைகளில் மூத்தவர். 1885-ல் தகப்பனார் மரித்துப்போக, குடும்ப பாரம் தோளில் விழுந்தது. பெல்ஃபாஸ்ட் பட்டணத்தில் ஆலையில் வேலை செய்த ஏழைப் பெண்கள் தொப்பி வாங்க வசதியில்லாமல் தலையில் சால்வை போர்த்தி வருவார்கள். பெரிய ஆலயங்களில் அவர்களுக்கு மதிப்பில்லை. எமி அவர்களைச் சேர்த்து ஊழியம் செய்து, தகரக் கூரையில் அவர்களுக்கென்று ஒரு கூடமே எழுப்பினார்.

1893-ல் ஜப்பானுக்கு மிஷனெரியாய்ப் போனார். சரீரம் தாங்கவில்லை, திரும்ப வேண்டியதாயிற்று. ஆனாலும் விடவில்லை. 1895-ல் இந்தியாவுக்கு வந்து பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு 55 வருஷம், ஒருமுறைகூட சொந்த தேசத்துக்கு விடுமுறையில் போகவே இல்லை! திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, வாக்கர் ஐயரிடம் தமிழ் படித்து, சேலை உடுத்தி, நம்ம பெண்களோடு மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாய்ப் போனார்.

1901 மார்ச்சில் ப்ரீனா என்ற சிறுபெண் கோயிலில் பொட்டுக்கட்ட விடப்பட்டிருந்த இடத்திலிருந்து தப்பி வந்து அவரிடம் சேர்ந்தாள். அன்று முதல் அவருடைய ஊழியத்தின் திசையே மாறியது. அதே வருஷம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் களக்காட்டுக்குப் பக்கத்திலுள்ள டோனாவூரில் தங்கினார். பிள்ளைகள் ஒவ்வொருவராய் வந்து சேர, அந்த இடம் பெரிய குடும்பமாயிற்று. எல்லோருக்கும் அவர் அம்மா. 1918-லிருந்து ஆண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். ராத்திரி எந்த நேரமானாலும் ஒரு குழந்தை ஆபத்தில் இருக்கிறது என்று கேள்விப்பட்டால் ஓடுகிற கால்கள் அவருடையவை.

இடையில் இழப்புகளும் வந்தன. 1912-ல் வாக்கர் ஐயர் மரித்தார். வலதுகையாய் இருந்த பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் வந்தது. நாம் செய்கிறதுபோலவே எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். ஆனாலும் 1915-ல் பொன்னம்மாள் கர்த்தரிடம் போய்விட்டார். ஜெபித்தும் சுகம் கிடைக்காத துக்கம் எமி அம்மையாருக்குத் தெரியும்.

ஒரு சாயங்காலம், ஒரு குழி

1931-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி. அம்மையாருக்கு வயது 63. அன்று காலையில், உமக்கு இன்னும் நன்றாய் ஊழியம் செய்யவும் என் பிள்ளைகளுக்கு உதவவும் என்னை எப்படி வேண்டுமானாலும் ஆயத்தப்படுத்தும் என்ற கருத்தில் ஜெபித்திருந்தார். சாயங்காலம் களக்காட்டில் மருந்தகத்துக்காகத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். சாவி வரத் தாமதம். உள்ளே போகும்போது இருட்டிவிட்டது. கழிப்பறைக்காக வேலையாட்கள் தவறான இடத்தில் ஒரு குழி தோண்டியிருந்தார்கள். அம்மையார் அதற்குள் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது.

நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்தவர் எவரெஸ்ட் சிகரம் ஏறப் போன குழுக்களில் இருந்த டாக்டர் சாமர்வெல். திறமையான வைத்தியர். எலும்பு கூடினால் எழும்பி நடப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்த நாள் வரவே இல்லை. வலி முதுகுக்கு ஏறியது, மூட்டுகள் இறுகின, தூக்கம் போனது. சமாதான அறை என்று பெயரிட்ட அறையும் அதன் தாழ்வாரமும்தான் இனி அவருக்கு உலகம்.

நாம் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். காலையில் ஜெபம், சாயங்காலம் குழி! நம்மில் யாருக்காவது அப்படி நடந்திருந்தால் பாஸ்டர்மாரிடம் எத்தனை கேள்வி கேட்டிருப்போம்?

சுகமுள்ளவர்கள் எழுதிய துண்டுப்பிரதிகள்

அந்த அறையில் அவர் எப்போதும் பாடிக்கொண்டே இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். ஓடியாடின ஒருவருக்குப் படுக்கை எவ்வளவு கொடுமை! தன்னைக் கவனிக்கிறவர்களுடைய நேரத்தை வீணாக்குகிறோமே, பாரமாகிவிட்டோமே என்ற எண்ணம் அவரை வாட்டியது. நாள் வாரமாகி, வாரம் மாதமாகி, மாதம் வருஷமாயிற்று.

அன்பானவர்கள் பல இடத்திலிருந்து வியாதியஸ்தருக்கான துண்டுப்பிரதிகளை அனுப்பினார்கள். வாசித்தார். மனதில் ஒட்டவில்லை. காரணம் என்னவென்று யோசித்தபோது ஒன்று புரிந்தது. அவற்றை எழுதினவர்கள் எல்லோரும் நல்ல சுகத்தோடு இருப்பவர்கள்! வலி என்னவென்று தெரியாத இடத்திலிருந்து வலியில் இருக்கிறவனுக்குப் புத்தி சொல்லுகிறார்கள்.

அந்தப் பகுதியைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். காலேப் பிரசங்கம் பண்ணின நான்தான் அந்தத் துண்டுப்பிரதி! நாற்பது வயதுக்காரன், நன்றாய் நடக்கிறவன், வீட்டில் மனைவியோடு சாப்பிடுகிறவன்.

எமி அம்மையாருக்குத் திருப்பம் உண்டானது இங்கேதான். பழைய கால்கள் திரும்பி வரட்டும், அப்புறம் ஊழியத்தைத் தொடங்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. வியாதியில் கிடக்கிறவர்களுக்கு, கிடக்கிற ஒருத்தியே எழுதினால் என்ன என்று தொடங்கினார். படுக்கையிலிருந்து படுக்கைக்குக் கடிதம்! அந்தக் கடிதங்கள் சேர்ந்துதான் 1933-ல் முள்செடியின் ரோஜா என்ற பொருளுள்ள ரோஸ் ஃப்ரம் பிரையர் புத்தகமாய் வந்தது.

அதோடு நிற்கவில்லை. 1938-ல் இஃப் என்ற சிறு புத்தகம் வந்தது. அன்பில்லாமை நமக்குள் எப்படியெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று சோதித்துக் காட்டுகிற புத்தகம் அது. இன்றைக்கும் அச்சாகிறது. அந்த இருபது வருஷத்தில் அவர் எழுதின புதுப் புத்தகங்கள் 13 என்று சரித்திரம் எழுதினவர்கள் கணக்குச் சொல்லுகிறார்கள்.

எனக்கு அதைவிடப் பெரிதாய்த் தோன்றுவது சின்னச் சின்னச் சீட்டுகள். அந்தப் பெரிய குடும்பத்தில் யார் சோர்ந்திருக்கிறார்கள், யாருக்கு நாளை என்ன வேலை என்று அறிந்து, ஆளுக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்புவார். பிள்ளைகள் டோனாவூருக்கு வந்து சேர்ந்த நாளைப் பிறந்த நாள்போலக் கொண்டாடுவது அங்கே வழக்கம். அன்று பிள்ளைகள் அவர் அறைக்கு வருவார்கள். ஓடித் தூக்கின கைகள் இப்போது படுத்தபடியே தலையைத் தடவும். நிர்வாகப் பொறுப்பை இளையவர்களிடம் ஒப்படைத்தார். ஆனால் அன்பையும் ஜெபத்தையும் ஒப்படைக்கவில்லை, தானே வைத்துக்கொண்டார்!

1948-ல் அந்த அறையிலேயே மறுபடியும் விழுந்தார். அதற்குப் பிறகு படுக்கையை விட்டு எழும்பவே இல்லை. 1951 ஜனவரி 18-ந் தேதி, 83-வது வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கல்லறைக்குமேல் நினைவுக்கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை அங்கே வைத்து, அம்மா என்ற பொருளில் ஒரே ஒரு சொல்லைப் பொறித்தார்கள்.

வலை பொத்துகிற கைகள்

தேவ ஜனமே, கர்த்தர் இன்றைக்கும் சுகம் தருகிறவர். அதை நான் விசுவாசிக்கிறேன், பிரசங்கிக்கிறேன், இனியும் எண்ணெய் பூசி ஜெபிப்பேன். ஆனால் சுகம் வந்த பிறகுதான் ஜீவியம் திரும்பத் தொடங்கும் என்று நினைப்பது தவறு. எமி அம்மையாருக்குக் கால் திரும்பவில்லை, உற்சாகம் திரும்பியது. கொடுப்பதற்கு ஏதோ ஒன்று இன்னும் கையில் இருக்கிறது என்று கண்டபோது திரும்பியது.

நம்ம கரையைப் பாருங்கள். கடலுக்குப் போக முடியாத வயசாளிகள் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துகிறார்கள். அந்த வலை இல்லாமல் எந்த வாலிபன் மீன் பிடிப்பான்? இயேசு யாக்கோபையும் யோவானையும் அழைத்தபோது, அவர்களுடைய தகப்பன் செபெதேயுவும் படவில் அவர்களோடு இருந்து வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான் என்று வேதத்தில் பார்க்கிறோமே!

நான் மறுபடியும் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். பிரசங்கம் பண்ணவில்லை. மன்னிப்புக் கேட்டேன். பிறகு, கடலுக்குப் போகிற நம்ம சபைப் பிள்ளைகளின் பெயரை ஒரு நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, ஐயா, கடல் உங்களுக்குத் தெரிகிற மாதிரி எனக்குத் தெரியாது, இவர்களுக்காக நீங்கதான் ஜெபிக்கணும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை மட்டும் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் போனபோது, ஒரு பையனுடைய பெயர் விட்டுப்போச்சே பாஸ்டர் என்று என்னைக் கடிந்துகொண்டார். அல்லேலூயா! முழங்கால் இன்னும் வலிக்கிறது. அழுகிற நாளும் உண்டு. ஆனால் படகுகள் கரைக்கு வரும் நேரம் பார்த்து, மகளிடம் யார் யார் திரும்பினார்கள் என்று விசாரிக்கிறாராம்.

வாலிபரே, வீட்டிலிருக்கிற பெரியவர்களுக்குப் புத்தி சொல்லாதீர்கள், வேலை கொடுங்கள். அவர்களிடம் கேளுங்கள், அவர்கள் சொல்லுவதை உட்கார்ந்து கேளுங்கள். தூக்கமும் பசியும் போய் பல வாரம் துக்கத்தில் கிடந்தால் டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள். அது அவிசுவாசம் அல்ல. டோனாவூர் ஊழியத்தாரும் ஜெபித்தார்கள், ஆஸ்பத்திரியும் கட்டினார்கள்.

பெரியவர்களே, தாய்மாரே, உங்கள் பழைய பெலனைக் கர்த்தர் திருப்பித் தந்தாலும் சரி, தராவிட்டாலும் சரி, இன்றைக்கு உங்கள் கையில் என்ன இருக்கிறது? ஒரு பெயர், ஒரு ஜெபம், ஒரு பேரப்பிள்ளைக்குச் சொல்ல ஒரு சாட்சி. அதிலிருந்து தொடங்குங்கள்.

ஜெபிப்போமா? ஆண்டவரே, படுக்கையில் இருக்கிற உம்முடைய பிள்ளைகளை நினைத்தருளும். பாரமாகிவிட்டோம் என்கிற பொய்யை அவர்களை விட்டு அகற்றும். அவர்களிடம் வாய் பேசின எங்களையும் மன்னியும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.