மாருதி 800 இன்ஜினைத் தூக்கி முதுகுப் பக்கம் வெச்ச மனுஷன்... கோவை கரிவரதன் கதை!

தாமல் ஏரி வத்திக் கிடக்கிற மாசங்கள்ல அந்தக் கரைப் பக்கம் நின்னு பார்த்தா, ஒரு பக்கி வண்டி ஓட்டணும்னு யாருக்குமே ஆசை வரும். பைப்பை வளைச்சு வெல்டு அடிச்சு, நாலு பெரிய டயரைப் போட்டு, பழைய கார் இன்ஜினைப் பின்னாடி மாட்டினா முடிஞ்சுது. அப்படித்தான் யூடியூப் பார்த்துட்டுப் பசங்க நினைக்கிறாங்க. ஆனா முக்கால்வாசி வண்டிங்க ஷெட்லயே நின்னு போறதுக்குக் காரணம் ஒண்ணுதான். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒண்ணோட ஒண்ணு சேரலை.

இந்தச் சிக்கலுக்கு ரொம்ப சிம்பிளா ஒரு பதில் கண்டுபிடிச்சு, அதை வெச்சு நாட்டோட ரேஸ் உலகத்தையே திருப்பிப் போட்டவர் ஒருத்தர் கோவையில இருந்தார். பேர் எஸ்.கரிவரதன். எல்லாருக்கும் அவர் 'கரி'.

1954-ல பிறந்தவர். ஜவுளித் தொழில் குடும்பம். காசுக்குக் குறைவில்லை, ஆனா அந்தக் காலத்துல காசு இருந்தாலும் ரேஸ் கார் வாங்க முடியாது. வெளிநாட்டுல இருந்து கொண்டுவர்றது அவ்வளவு கஷ்டம். ரோட்டுல ஓடினதே அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டுன்னு நாலஞ்சு ரகம்தான். சென்னைக்கு வடக்கே சோழவரத்துல, இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளம்தான் ரேஸ் டிராக். அங்க ஜெயிக்கணும்னா இருக்கிற காரை நீங்களே பிரிச்சு மேயணும். கரி அதைத்தான் செஞ்சார். ஓட்டுறதும் அவரே, வண்டியை வடிவமைக்கிறதும் அவரே.

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்துச்சு. எல்லாரும் அதை ஒரு குடும்பக் காரா பார்த்தாங்க. கரி கண்ணுக்குப் பட்டது அதோட பானட்டுக்குக் கீழ இருந்த சமாசாரம்னு நான் நினைக்கிறேன். மூணு சிலிண்டர், 796 சிசி, சுமார் 40 குதிரைத்திறன். குறுக்குவாட்டுல உட்கார்ந்திருக்கும். கிளட்ச், நாலு ஸ்பீடு கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் இன்ஜினோட ஒட்டின ஒரே கட்டு. கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள்ள இருக்கிறதைத்தான் டிரான்ஸ்ஆக்சில்னு சொல்றோம்.

இங்கதான் விஷயமே. வேற வேற வண்டியில இருந்து இன்ஜினும் கியர்பாக்ஸும் எடுத்தீங்கன்னா முதல்ல போல்ட் ஓட்டை சேராது. அதுக்கு ஒரு அடாப்டர் பிளேட் கடையணும். அது நூல் அளவு விலகினாலும் பேரிங் போயிடும். கிளட்ச் தட்டோட பல்லு கியர்பாக்ஸ் ஷாஃப்ட்ல ஏறாது. எல்லாம் சேர்ந்தாலும் இன்னொரு கூத்து பாக்கி இருக்கு. பின்பக்க இன்ஜின் காரோட டிரான்ஸ்ஆக்சிலை முன்னபின்னாத் திருப்பி மாட்டினா, வண்டிக்கு நாலு ரிவர்ஸ் கியரும் ஒரே ஒரு முன்கியரும் கிடைக்கும்! உள்ள இருக்கிற கிரவுன் வீலை இடம் மாத்தினாத்தான் சரியாகும். நெசவு வீட்டுப் பிள்ளைங்களுக்கு இது சட்டுனு புரியும். அச்சு ஒரு கணக்கு, பாவு இழை இன்னொரு கணக்குன்னா தறியில உட்கார்ந்து என்ன பிரயோஜனம்?

மாருதியோட கட்டை அப்படியே எடுத்து, திருப்பாம, டிரைவர் முதுகுக்குப் பின்னாடி நகர்த்தி வெச்சா இந்தத் தலைவலி எதுவும் இல்லை. முன்சக்கரத்தை இழுத்தது இப்போ பின்சக்கரத்தைத் தள்ளும். கியர் லிவருக்கு நீளமான இணைப்பு, ரேடியேட்டர் குழாய் மாதிரி வேலைகள்தான் மிச்சம். 1988-ல கரி கொண்டுவந்த ஒத்தை இருக்கை ரேஸ் கார், ஃபார்முலா மாருதி, இந்த வழியிலதான் உருவாச்சு.

அது உலகத்தரக் கார் இல்லை. அதோட பெருமை வேற. எந்த ஊர் மெக்கானிக்கும் அந்த இன்ஜினைப் பிரிச்சு மாட்டுவார், ஸ்பேர் பக்கத்துக் கடையிலயே கிடைக்கும். எல்லாருக்கும் ஒரே இன்ஜின்ங்கிறதால யார் நல்லா ஓட்டுறாங்கன்னு தெரிஞ்சுது, யார்கிட்ட காசு இருக்குன்னு இல்லை.

1990-ல சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்துச்சு. தாமல்ல இருந்து சென்னை பஸ் ஏறினா வழியிலயே வரும். அங்க ஃபார்முலா மாருதியில தொடங்கின ஒரு கோவைப் பையன், கரிக்கு உறவுக்காரப் பையனும்கூட, 2005-ல ஃபார்முலா ஒன் ஓட்டினார். நரேன் கார்த்திகேயன். 2000-ல அதே ரகக் காருல தொடங்கின சென்னைப் பையன் கருண் சந்தோக் 2010-ல ஃபார்முலா ஒன் போனார். இதுவரை ஃபார்முலா ஒன் ரேஸ் ஓட்டின இந்தியர்கள் இவங்க ரெண்டு பேர்தான்.

ரெண்டு பேரையும் அந்த உயரத்துல கரி பார்க்கலை. 1995 ஆகஸ்ட் 24, சின்ன விமானம் ஒண்ணு விழுந்த விபத்துல இறந்துட்டார். 41 வயசு.

சரி, நம்ம பக்கிக்கு வருவோம். கரியோட வழியை அப்படியே காப்பி அடிக்கலாம், ஆனா ஒரு கணக்கை மறக்காதீங்க. மாருதி 800-ஓட டயர் உயரம் சுமார் 20 அங்குலம். அழகா இருக்குன்னு 25 அங்குல டயர் போட்டா, சக்கரத்துல கிடைக்கிற இழுவை அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சுடும். ஏரி மணல்ல ஃபர்ஸ்ட் கியர்லயே திணறும், கிளட்ச் கருகும் வாசனைதான் வரும். டயரைச் சின்னதாக்கணும், இல்லைன்னா வண்டியோட எடையை இரக்கமே இல்லாம குறைக்கணும். பாஜா போட்டிக்கு வண்டி கட்டுற இன்ஜினீயரிங் பசங்க, 10 குதிரைத்திறன் இன்ஜினுக்குப் பல வருஷம் மூணு சக்கர சரக்கு ஆட்டோவோட கியர்பாக்ஸைத் தேடிப் போனதும் இந்தக் கணக்குக்காகத்தான். பாரம் இழுக்கிற வண்டிக்குக் கியர் தாழ்வா இருக்கும்.

அப்புறம், பதிவு இல்லாத வண்டியை நெடுஞ்சாலையில ஏத்தாதீங்க. சொந்த நிலத்துல, ஹெல்மெட், பெல்ட்டோட ஓட்டுங்க. நிஜ டிராக் பார்க்கணும்னா கோவை செட்டிபாளையம் போங்க. 2.1 கிலோமீட்டர் நீளம். வாசல்ல பேரைப் படிங்க: கரி மோட்டார் ஸ்பீட்வே.