சுவடிசாலை வளர்த்த நாவலாசிரியர்

திருகோணமலைத் துறைமுகத்தைக் காண வருவோர் கோணேசர் கோயிலையும் கோட்டையையும் கண்டு மகிழ்வர். அம்மண் ஈன்ற புலவரை நினைப்பார் சிலரே. அப்புலவருள் ஒருவர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை.

1865இல் பிறந்த இவர், தமிழறிஞர் தி. த. கனகசுந்தரம்பிள்ளையின் இளவல். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, அங்கிருந்த கீழைத்தேயச் சுவடி நிலையத்தில் நூலகராய் அமர்ந்தார்.

சுவடிசாலைப் பணி ஆரவாரமற்றது. கேட்போர் வருமளவும் ஏடுகளைக் காத்திருத்தலே கடமையென எண்ணுவார்க்கு அங்கே பொழுது சுமையாகும். கற்க விழைவார்க்கோ அதுவே கருவூலமாகும். பிள்ளையவர்கள் பின்னவர் என்பதற்கு அவர்தம் நூல்களே சான்று. 1892இல் வெளிவந்த 'தத்தைவிடு தூது' பெண்ணுரிமை பேசுவது. தூது என்னும் பழைய கலத்தில் புதுக்கருத்தை வார்த்த துணிவு அது. 1895இல் 'மோகனாங்கி' தோன்றிற்று. நாயக்க மன்னர் காலத்தைக் களமாகக் கொண்ட அதனைத் தமிழின் முதல் வரலாற்று நாவல் என்பர் ஆராய்ச்சியாளர். பழஞ்சரிதத்தில் தோய்ந்த உள்ளத்திற்கன்றி அத்தகு படைப்புக் கைகூடாது.

1902இல், நாற்பதாண்டும் நிரம்பாமுன் மறைந்தார். நெடிய ஆயுளும் நிறைந்த ஓய்வும் வாய்த்தாலன்றி நூல் செய்தல் அரிதென்பார்க்கு இவர் வாழ்வே விடை. மாணாக்கர்காள்! வெறிதே கழியும் நாழிகையும் ஒரு நூலின் வித்தாகலாம், அதனை இகழற்க.