ஜீப்பைப் பார்த்துப் புது வண்டி கண்ட மாரிஸ் வில்க்ஸ்

(இரண்டாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பொறியியல் பட்டயப் படிப்பு)



மேதைகள் என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் நியூட்டன், எடிசன், ஐன்ஸ்டீன். வண்டியைப் பிரித்து, அளந்து, மறுபடி மாட்டியே பேர் வாங்கியவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அப்படி ஒருவர்தான் மாரிஸ் வில்க்ஸ். காடு, மலை, பாலைவனம் என்று பார்க்காமல் ஓடிய லேண்ட் ரோவர் வண்டியின் தந்தை. அவர் பேர் தெரியாதவர்கள் கூட அந்த வண்டியைச் சினிமாவிலாவது பார்த்திருப்பார்கள்.

இவரை நான் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் பிரிவில் அடிக்கடி ஒரு வாக்குவாதம் வரும். பழைய ஜீப் ஒன்று கைக்குக் கிடைத்தால் கம்பெனி கொடுத்தபடியே புதுப்பிக்க வேண்டுமா, இல்லை நம் தேவைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாமா? இந்தக் கேள்விக்கான விடை வில்க்ஸின் வாழ்க்கையிலேயே இருக்கிறது என்பது என் கருத்து.

இளமையும் வேலையும்

மாரிஸ் வில்க்ஸ் 1904ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஹேலிங் தீவில் பிறந்தார். மால்வர்ன் நகரத்துப் பள்ளியில் படித்தார். 1920களில் அமெரிக்கா போய் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தார். திரும்பி வந்து ஹில்மன் கார் கம்பெனியில் சேர்ந்தார். அவருடைய அண்ணன் ஸ்பென்சர், தம்பியை விடப் பதிமூன்று வயது மூத்தவர். ஹில்மன் கம்பெனியில் இருந்த ஸ்பென்சர் 1929இல் ரோவர் கம்பெனிக்கு மாறினார். அடுத்த வருஷமே தம்பியும் அங்கே வந்துவிட்டார். நிர்வாகம் அண்ணன், பொறியியல் தம்பி. நஷ்டத்தில் தள்ளாடிய கம்பெனியை இருவரும் சேர்ந்து நிமிர்த்தினார்கள்.

வழிகாட்ட ஓர் அண்ணன் இருந்தது அவருக்குப் பெரிய பலம். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் இந்த வரியைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது!

ஜெட் இன்ஜினில் ஒரு சண்டை

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940 நவம்பரில் கவென்ட்ரி நகரத்தின் மேல் குண்டு மழை பொழிந்தது. அதே வருஷம் ரோவர் கம்பெனியிடம் பிரிட்டிஷ் அரசு ஒரு ரகசிய வேலையைக் கொடுத்தது. ஃபிராங்க் விட்டில் கண்டுபிடித்த ஜெட் இன்ஜினைத் தொழிற்சாலையில் செய்ய வேண்டும்.

இங்கேதான் நம்ம கேள்வி முதல் தடவையாக அவர் வாழ்க்கையில் நுழைகிறது. விட்டில் தன் வரைபடத்தில் உள்ளபடியே இன்ஜினைச் செய்யச் சொன்னார். ரோவர்காரர்களுக்கோ அதில் மாற்றம் தேவை என்று பட்டது. விட்டில் வடிவத்தில் காற்று எரிகலனுக்குள் போய், வளைந்து திரும்பி வரும். அதை நேராகப் பாயும்படி மாற்றி, விட்டிலைக் கேட்காமலேயே தனியாக ஓர் இன்ஜினை உருவாக்கினார்கள். விட்டிலுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உறவு முறிந்தே போனது. 1943இல் ஜெட் வேலையை ரோல்ஸ் ராய்ஸ் வாங்கிக்கொண்டது. பதிலுக்கு டாங்கிகளுக்கான மீட்டியர் இன்ஜின் வேலை ரோவருக்கு வந்தது.

ஆனால் பாருங்க, ரோவர் மாற்றி அமைத்த அந்த நேர்வழி இன்ஜின்தான் பின்னால் ரோல்ஸ் ராய்ஸின் டெர்வென்ட் ஜெட் இன்ஜினாக வளர்ந்தது. அப்ப யார் செய்தது சரி? கண்டுபிடித்தவரைக் கேட்காமல் மாற்றியது மரியாதை இல்லை. மாற்றமோ நல்ல மாற்றம். இரண்டுமே உண்மை.

பண்ணையில் ஓடிய ஜீப்

போர் முடிந்தது. ரோவர் கம்பெனி பர்மிங்ஹாம் பக்கத்தில் சோலிஹல் என்ற ஊரில் இருந்த பெரிய தொழிற்சாலைக்கு மாறியது. இடம் ஏராளம், செய்வதற்கு வேலை இல்லை. எஃகு ரேஷனில் இருந்தது. ஏற்றுமதி செய்பவர்களுக்குத்தான் முன்னுரிமை. ரோவர் செய்ததோ வசதி படைத்தவர்கள் வாங்கும் கார். அந்த நேரத்தில் வெளிநாட்டில் அதை யார் வாங்குவார்கள்?

வில்க்ஸுக்கு வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவில் ஒரு பண்ணை இருந்தது. அங்கே உழைத்துத் தேய்ந்த ராணுவ ஜீப் ஒன்றை வைத்துப் பண்ணை வேலைகளைச் செய்துவந்தார். இது பழுதாகிப் போனால் என்ன செய்வாய் என்று அண்ணன் கேட்டாராம். இன்னொரு ஜீப்தான் வாங்க வேண்டும், வேறு வண்டியே கிடையாதே என்று தம்பி சொன்னாராம். அந்தப் பதிலிலேயே இருவருக்கும் பொறி தட்டியது. ரெட் வார்ஃப் வளைகுடாக் கடற்கரை மணலில் அவர் முதல் படத்தை வரைந்து காட்டியதாக அந்தக் குடும்பத்தில் சொல்வார்கள். நடந்தது 1947இல்.

உடனே வேலை தொடங்கியது. ஜீப்பின் சேசிஸையும் ஆக்ஸிலையும் எடுத்து, அதன் மேல் ரோவர் கார் இன்ஜினை ஏற்றி முதல் சோதனை வண்டியைக் கட்டினார்கள். டிராக்டர் மாதிரி ஸ்டியரிங்கை நடுவில் வைத்தார்கள். இடதுபக்கம் ஓட்டும் நாடு, வலதுபக்கம் ஓட்டும் நாடு எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி போதும் என்ற கணக்கு. அது சரிப்பட்டு வராததால் பிறகு கைவிட்டார்கள்.

மற்ற யோசனைகள் எல்லாம் இல்லாமையில் பிறந்தவை. எஃகு கிடைக்கவில்லையா, பர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையில் பாடி. பெரிய பிரஸ் டை செய்யப் பணம் இல்லையா, தட்டையான நாலு எஃகுப் பட்டைகளை வெல்டிங் செய்து பெட்டி மாதிரி சேசிஸ். இதை வாசிக்கும்போது நம் வெல்டிங் ஷாப் ஞாபகம் வருகிறதல்லவா? ஜீப்பில் இருந்த அதே 80 அங்குல வீல்பேஸ், 1,595 சி.சி. பெட்ரோல் இன்ஜின், 50 குதிரைத்திறன். வண்டியின் சக்தியை எடுத்துப் பண்ணை இயந்திரங்களை ஓட்டும் வசதியும் இருந்தது. 1948 ஏப்ரல் 30ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் உலகத்தின் முன் வந்து நின்றது. விலை 450 பவுன்.

இரண்டு மூன்று வருஷம் கம்பெனி பிழைத்துக்கிடக்க ஒரு வழி என்றுதான் நினைத்தார்கள். ஆனால் சில வருஷங்களிலேயே அது ரோவர் கார்களை மிஞ்சிவிட்டது. அந்த வம்சத்தின் கடைசி டிஃபெண்டர் சோலிஹலை விட்டு வெளியே வந்தது 2016 ஜனவரி 29 அன்று. அதற்குள் செய்து முடித்தவை இருபது லட்சத்துக்கும் மேல்!

வில்க்ஸ் அதோடு நிற்கவில்லை. ஜெட் இன்ஜின் அனுபவத்தை வைத்து 1950இல் உலகின் முதல் கேஸ் டர்பைன் காரை ரோவர் ஓட்டிக் காட்டியது. அந்த ஜெட்-1 கார் 1952இல் மணிக்கு சுமார் 245 கிலோமீட்டர் வேகம் தொட்டது. 1962இல் அவர் கம்பெனித் தலைவர் ஆனார். 1963 செப்டம்பரில், 59ஆம் வயதில், ஜீப் ஓடிய அதே ஆங்கிள்சி தீவில் காலமானார்.

காணாமல் போன வண்டியும் கண்டெடுத்த வண்டியும்

இப்ப நம்ம வாக்குவாதத்துக்கு வருவோம். மாற்றுவது தப்பென்றால் லேண்ட் ரோவரே பிறந்திருக்காது. ஜீப்பின் மேல் வேறு இன்ஜினை ஏற்றியவர்தானே வில்க்ஸ்! மாற்றம் வேண்டும் என்பவர்கள் இங்கே கை தட்டலாம்.

கொஞ்சம் பொறுங்க. நடுவில் ஸ்டியரிங் வைத்த அந்த முதல் வண்டி இன்று எங்கே? இல்லை. ஜெட்-1 லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் லேண்ட் ரோவரின் மூத்த பிள்ளை அழிந்துவிட்டது. சில புகைப்படங்களையும், அவற்றைப் பார்த்துக் கட்டிய மாதிரிகளையும் வைத்துத்தான் இன்று அதைத் தெரிந்துகொள்ள முடியும்.

ஆம்ஸ்டர்டாமில் நின்ற வண்டியின் கதை வேறு. 1960கள் வரை ரோட்டில் ஓடியது. பிறகு வேல்ஸில் ஒரு வயலில் இருபது வருஷம் கிடந்தது. கடைசியில், சோலிஹல் தொழிற்சாலைக்குச் சில மைல் தூரத்திலேயே ஒரு வீட்டுத் தோட்டத்தில் துருப்பிடித்த நிலையில் கண்டுபிடித்தார்கள். 2018இல் கம்பெனியே அதைப் புதுப்பிக்க எடுத்துக்கொண்டது. அவர்கள் பளபளவென்று புது பெயின்ட் அடிக்க நினைக்கவில்லை. 1948இல் பூசிய வெளிர் பச்சை பெயின்டை, தேய்ந்த தழும்புகளோடு அப்படியே காப்பாற்றுவது என்று முடிவு செய்தார்கள். புதுப்பிப்பது என்றால் புதுசாக்குவது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய பாடம்.

என் கருத்து இதுதான். வில்க்ஸ் கை வைத்தபோது ஜீப் அபூர்வப் பொருள் இல்லை. போர்க்காலத்தில் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து குவித்திருந்தார்கள். அதில் ஒன்றிரண்டைப் பிரிப்பதால் உலகம் எதையும் இழக்கவில்லை. ஆனால் அவர் செய்த முதல் வண்டி ஒன்றே ஒன்று. அதைக் கலைத்தது ஈடு செய்ய முடியாத இழப்பு. ஆகவே மாற்றலாமா கூடாதா என்று கேட்பதற்கு முன்னால், இந்த மாதிரி இன்னும் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். மகிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்புகளை 1940களின் கடைசியிலிருந்தே இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. எங்கள் தேனிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போவது இன்றைக்கும் ஜீப்தான். எங்கப்பா அதில் டிரைவர். அவர் ஓட்டும் ஜீப்பில் பழைய பெட்ரோல் இன்ஜினை எப்போதோ கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் வைத்தார்கள். பெட்ரோல் இன்ஜினே இருந்திருந்தால் கட்டுப்படியாகாமல் அந்த வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும், என் ஃபீஸும் கட்டியிருக்க முடியாது. அதனால் மாற்றுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கழற்றிய பழைய இன்ஜின் எடைக்குப் போனதே, அதுதான் மனசுக்குக் கஷ்டம்.

சட்டமும் இப்ப இறுகிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டிய சொந்த உபயோக வண்டிக்கு விண்டேஜ் பதிவு வாங்கலாம். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. இன்று அவசரத்தில் வெட்டினால் நாளைக்கு அந்தப் பெருமை போச்சு.

நண்பர்களே! நாளைக்கு நம்மில் பலர் ஒர்க்‌ஷாப் வைப்போம். ஒரு பழைய ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தி, வெட்டிப் போடு என்று முதலாளி சொல்வார். அன்றைக்கு மூன்று காரியம் செய்வோம். முதலில் சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் பார்த்து அது எந்த வருஷத்து வண்டி, எவ்வளவு அபூர்வம் என்று விசாரிப்போம். அடுத்து, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து நோட்டில் எழுதிவைப்போம். கடைசியாக, மாற்றியே ஆக வேண்டுமென்றால் வெட்டாமல் போல்ட் போட்டு மாற்றுவோம், கழற்றியதைச் சாக்கில் கட்டிப் பரண் மேல் ஏற்றிவைப்போம். நமக்குப் பின்னால் வருகிற ஒரு மாணவன் அதை மறுபடி மாட்டிப் பார்க்கட்டும்.

மாரிஸ் வில்க்ஸின் துணிச்சல் நமக்கு வேண்டும். அவர் காலத்தவர்கள் காப்பாற்றத் தவறிய முதல் வண்டியும் நம் நினைவில் இருக்க வேண்டும்.