பாரிஸுக்குப் போன இமாம்

கல்லூரி முடிவுகள் வரும் மாதங்களில் ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்கும்போது, பெற்றோர் சிலர் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் கேட்பார்கள். பிள்ளைக்கு வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, அனுப்பலாமா, தீன் கையைவிட்டுப் போய்விடாதா என்பார்கள். அந்தக் கவலை நியாயமானது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் எகிப்தின் ரிஃபாஆ அத்தஹ்தாவி (ரஹ்). அவரும் மதரஸாவில் ஓதி வந்த ஆலிம்தான். ஆனால் அவர் பாரிஸுக்கு அனுப்பப்பட்டது மாணவராக அல்ல, மாணவர்களுக்குத் தொழவைக்கும் இமாமாக.

நெப்போலியன் கொண்டுவந்த பிரெஞ்சுப் படை எகிப்தைவிட்டு வெளியேறிய 1801-ஆம் ஆண்டில்தான், மேல் எகிப்தின் தஹ்தா என்ற ஊரில் ரிஃபாஆ பிறந்தார். நபி (ஸல்) அவர்களின் வழித்தோன்றல்கள் என்று மதிக்கப்பட்ட குடும்பம். ஆட்சியாளர் முஹம்மது அலி பாஷா பழைய நிலவரி உரிமைகளை ரத்து செய்ததில் குடும்பத்தின் வருமானம் போயிற்று. சிறுவயதிலேயே தந்தையும் காலமானார். தாய்மாமன்மார்கள் ஆலிம்களாக இருந்ததால் ஓதல் தடைபடவில்லை. 1817-இல், பதினாறு வயதில், கெய்ரோ சென்று அல்அஸ்ஹரில் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த பெரிய பாக்கியம் உஸ்தாத் ஹசன் அல்அத்தார். பிரெஞ்சுக்காரர்கள் கெய்ரோவில் இருந்தபோது, அவர்களோடு வந்திருந்த அறிஞர்களை நேரில் சந்தித்துப் பேசியவர் அவர். பிறகு இஸ்தான்பூலிலும் திமிஷ்கிலும் பல ஆண்டுகள் தங்கியவர். பின்னாளில் அல்அஸ்ஹரின் ஷைகாகவும் ஆனார். வழக்கமான கிதாபுகளோடு வரலாறும் புவியியலும் படிக்கும் ஆசையை மாணவர் ரிஃபாஆவுக்கு ஊட்டியவர் அவரே.

1826-இல் பாஷா நாற்பதுக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பாரிஸுக்குப் படிக்க அனுப்பினார். இராணுவம், பொறியியல், வேதியியல், மருத்துவம், நிர்வாகம் என்று ஆளுக்கொரு துறை. அவர்களுக்குத் தொழவைக்கவும் மார்க்கம் சொல்லவும் ஆலிம் வேண்டும் என்றபோது அத்தார் தம் மாணவரைப் பரிந்துரைத்தார். அங்கே காண்பதையெல்லாம் எழுதி வைக்கும்படியும் சொல்லி அனுப்பினார். அப்போது ரிஃபாஆவுக்கு வயது 24. பிரெஞ்சில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

மார்செய் துறைமுகத்தில் இறங்கியதும் நோய்த்தடுப்புக்காக எல்லோரையும் தனியே தங்கவைத்தார்கள். அந்த ஊரில் இருந்தபோதே முப்பது நாட்களில் பிரெஞ்சு எழுத்துகளைக் கற்றுக்கொண்டார்கள். பாரிஸ் போனபின் முதலில் எல்லோருக்கும் ஒரே வீடு. நம் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் புரியும். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே வீட்டில் இருந்தால் பேச்சு எந்த மொழியில் நடக்கும்? பாடம் பிரெஞ்சில், மற்றதெல்லாம் சொந்த மொழியில். மாதங்கள் ஓடின, மொழி வரவில்லை. கடைசியில் அவர்களைப் பிரித்து, ஒருவர் இருவராக வெவ்வேறு பிரெஞ்சு விடுதிகளில் குடியமர்த்தினார்கள். அதன் பிறகுதான் நாக்கு திரும்பியது. வெளிநாட்டில் நான்கு நம்மூர்ப் பையன்கள் சேர்ந்து அறை எடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன். சமையலுக்கும் வாடகைக்கும் அதுதான் வசதி, ஜமாஅத்தாகத் தொழவும் முடியும். ஆனால் இரண்டு வருடம் கழித்தும் கடைக்காரரிடம் நாலு வார்த்தை பேசத் தயங்குகிற பிள்ளைகள் அப்படிப்பட்ட அறைகளிலிருந்து வருவதையும் பார்த்திருக்கிறேன்.

இமாமின் வேலை தொழவைப்பதோடு முடிந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ரிஃபாஆ தம் உதவித்தொகையிலிருந்து சொந்தமாகப் புத்தகங்கள் வாங்கினார், தனி ஆசிரியர் ஒருவரையும் வைத்துக்கொண்டார். இரவெல்லாம் படித்ததில் இடது கண் பலவீனமானது. இரவில் படிக்கக் கூடாது என்று மருத்துவர் தடுத்தும் அவர் கேட்கவில்லை. இது அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டதல்ல, அவருடைய பிரெஞ்சு ஆசிரியர் நற்சான்றுக் கடிதத்தில் குறிப்பிட்டது.

மாணவர் குழுவுக்குப் பொறுப்பாக இருந்த ஜோமார் என்ற அறிஞர், ரிஃபாஆவின் திறமையைக் கண்டு மொழிபெயர்ப்பின் பக்கம் திருப்பிவிட்டார். வரலாறு, புவியியல், கணிதம், சட்டம், அரசியல் என்று பல துறைகளைப் படித்தார். வால்டேர், ரூஸோ, மாண்டெஸ்கியூ ஆகியோரின் எழுத்துகளையும் படித்தார். தத்துவ நூல்களில் வழிதவறச் செய்யும் இடங்கள் உண்டு என்றும், குர்ஆனிலும் சுன்னாவிலும் காலூன்றியவரே அவற்றில் இறங்க வேண்டும் என்றும் தெளிவாக எழுதினார். அப்படிக் காலூன்றியவர் அந்த நூல்களுக்குப் பயந்து விலகி நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பாரிஸில் அவர் பழகியவர்களில் ஸில்வெஸ்தர் தெ ஸாஸி என்ற அரபுப் பேரறிஞரும் ஒருவர். நம் மதரஸாக்கள் பலவற்றில் ஓதப்படும் மகாமாத்துல் ஹரீரிக்கு அரபியிலேயே உரை எழுதி 1822-இல் பதிப்பித்தவர் அவர். இப்படிப்பட்டவர் அரபி பேசினால் அந்நிய உச்சரிப்பு வெளியே தெரியும் என்று ரிஃபாஆ பதிவு செய்திருக்கிறார். அதற்காக அவருடைய புலமையைக் குறைத்து மதிக்கவில்லை. உச்சரிப்பு சரியாக வராதே என்று வெட்கப்பட்டு மொழிப் படிப்பை விடும் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி சொல்லும் செய்தி இது.

1830 அக்டோபரில் இறுதித் தேர்வு. அதற்குள் பன்னிரண்டு நூல்களையும் கட்டுரைகளையும் அரபியில் மொழிபெயர்த்து முடித்திருந்தார். தேர்வாளர்கள் அவரைப் பாராட்டினார்கள், ஒரு குறையையும் சொன்னார்கள். கருத்து சிதையாமல் வருகிறது, ஆனால் சில இடங்களில் மூலச்சொல்லுக்கு நேர்ச்சொல் தராமல் சுற்றிவளைத்துச் சொல்கிறார், அறிவியல் நூல்களில் அது ஆகாது, தேவைப்பட்டால் புதுச்சொல் ஆக்க வேண்டும் என்றார்கள். அவர் அந்தக் குறையை மறைக்கவில்லை. தம் பயண நூலிலேயே அதையும் சேர்த்து அச்சிட்டார்.

1831-இல் நாடு திரும்பினார். பாரிஸ் வாழ்க்கையை எழுதிய அந்த நூல் தக்லீஸுல் இப்ரீஸ் என்ற பெயரில் 1834-இல் கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் வெளியானது. அடுத்த ஆண்டே அவருடைய யோசனைப்படி மொழிபெயர்ப்புப் பள்ளி ஒன்றை பாஷா தொடங்கினார். மத்ரஸத்துல் அல்சுன், அதாவது மொழிகளின் மதரஸா என்று அது பெயர் பெற்றது. அல்அஸ்ஹரிலிருந்தும் மாகாணங்களிலிருந்தும் மாணவர்கள் சேர்க்கப்பட்டார்கள். ஐந்தாண்டுப் படிப்பு. பிரெஞ்சும் துருக்கியும் மற்ற மொழிகளும் கற்றார்கள், அரபி இலக்கணத்தையும் விடாமல் ஓதினார்கள். தாய்மொழி உறுதியில்லாதவன் எதை எந்த மொழிக்குக் கொண்டுவருவான்? கடல் கடக்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு, பாரிஸில் தமக்குக் கிடைத்ததை உள்ளூரிலேயே தந்தார் ரிஃபாஆ.

பாஷாவின் பேரர் அப்பாஸ் ஆட்சிக்கு வந்ததும் நிலைமை மாறியது. 1849-இல் பள்ளி மூடப்பட்டது. அடுத்த ஆண்டு, சூடானின் கர்தூமில் ஓர் ஆரம்பப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியர் என்று சொல்லி ரிஃபாஆவை அனுப்பினார்கள். பெயருக்குப் பதவி, உண்மையில் நாடுகடத்தல். உடன் சென்ற ஆசிரியர்களில் சிலர் அங்கேயே நோயில் இறந்துபோனார்கள். ஐம்பது வயதை நெருங்கும் மனிதர், கட்டியதெல்லாம் கலைந்த நிலையில், அந்த வெயிலில் உட்கார்ந்து ஃபெனெலோன் எழுதிய தெலெமாக் என்ற பிரெஞ்சுக் கதையை அரபியில் மொழிபெயர்த்தார். ஓர் இளவரசனுக்கு நல்லாட்சி கற்பிக்க எழுதப்பட்ட கதை அது. கர்தூமில் உட்கார்ந்து அதைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த மொழிபெயர்ப்பு 1867-இல் பெய்ரூத்தில் அச்சானது.

1854-இல் அப்பாஸ் இறந்த பிறகு கெய்ரோ திரும்பினார். 1863-இல் புதிய ஆட்சியில் மொழிபெயர்ப்பு அலுவலகம் அவர் பொறுப்பில் வந்தது. பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை அரபிக்குக் கொண்டுவந்தபோது அவரோடு உழைத்தவர்கள் மூடப்பட்ட அந்தப் பள்ளியின் பழைய மாணவர்களே. வாழ்வின் இறுதிக் காலத்தில், ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பொதுவான கல்வியை வலியுறுத்தி அல்முர்ஷிதுல் அமீன் என்ற நூலை எழுதினார்.

1873 மே 27 அன்று கெய்ரோவில் வஃபாத்தானார். அவர் தொடங்கிய பள்ளி இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் உயிர்பெற்றது. கெய்ரோவின் ஐன் ஷம்ஸ் பல்கலைக்கழகத்தில் இன்று மொழிகள் படிக்கச் சேரும் மாணவர்கள் சேர்வது, அதே அல்சுன் என்ற பெயர் கொண்ட கல்லூரியில்தான்.