இழையில் தொங்கிய படிகம்

குழந்தைகளே! மயில்கழுத்து நிறப் பட்டுப் புடவையைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் திருப்பினால் நீலம், மறுபக்கம் திருப்பினால் பச்சை. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். ஐயம்பேட்டைத் தறிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். சில பொருள்கள் காந்தத்திடமும் இப்படித்தான் திசைக்குத் திசை வேறு குணம் காட்டும். அதை நுட்பமாக அளந்தவர் ஒரு தமிழர். அவர்தான் கே.எஸ். கிருஷ்ணன்.

இன்றைய விருதுநகர் மாவட்டத்திலுள்ள வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4-ஆம் நாள் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தார். இயற்பியல் ஆசை அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றது. 1923-இல் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார்.

1928-இல் 'ராமன் விளைவு' கண்டறியப்பட்டபோது, சோதனைகளில் ராமனோடு இருந்து உழைத்தவர் கிருஷ்ணன். 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. கிருஷ்ணன் சோர்ந்து உட்கார்ந்துவிட்டாரா? இல்லை! 1928-லேயே டாக்கா பல்கலைக்கழகத்துக்குச் சென்று, படிகங்களின் காந்தக் குணம் என்ற வேறு துறையில் இறங்கியிருந்தார்.

அவர் செய்த சோதனையைக் கேளுங்கள். சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டிக் காந்தத்தின் நடுவே தொங்கவிடுவார். இழையின் மேல்முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குவார். ஒரு கட்டத்தில் படிகம் சட்டென்று திரும்பிவிடும். எவ்வளவு முறுக்கினோம் என்பதைக் கொண்டு, திசைக்குத் திசை காந்தக் குணம் எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிட்டுவிடுவார்.

1933-இல் கல்கத்தா திரும்பிய பிறகு கிராஃபைட்டையும் ஆராய்ந்தார். உங்கள் பென்சிலின் கரிக்குச்சியில் இருப்பது அதுதான்! அதில் கார்பன் அணுக்கள் அறுகோணங்களாகக் கோத்த தட்டையான ஏடுகளாக அடுக்கப்பட்டிருக்கும். கிராஃபைட்டைக் காந்தம் சற்றே விலக்கும். காந்தப் புலம் ஏட்டுக்குச் செங்குத்தாக இருந்தால் விலக்கம் மிக அதிகம். ஏட்டின் போக்கில் இருந்தால் மிகக் குறைவு. எலக்ட்ரான்கள் ஏட்டுக்குள் தாராளமாக ஓடுவதே காரணம்.

அந்த ஏடு தட்டையாக இல்லாமல் வளைந்தால்? 1985-இல் 60 கார்பன் அணுக்கள் கால்பந்து போல் இணைந்த மூலக்கூறு கண்டறியப்பட்டது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். பந்தின் குறுக்களவு ஏறக்குறைய அவ்வளவே! பந்தாக வளைய அறுகோணங்களோடு 12 ஐங்கோணங்களும் தேவை. இரண்டிலும் எலக்ட்ரான்கள் எதிரெதிராக நடந்துகொள்வதால், கிராஃபைட்டின் விலக்கும் குணம் பந்தில் பெரிதும் குறைந்துவிடுகிறது. அதே கார்பன்தான், வடிவம் மாறியதும் குணமும் மாறிவிட்டது.

கிருஷ்ணன் 1940-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரும் அவரே. 1954-இல் பத்மபூஷண் பெற்றார். 1961-இல் மறைந்தார். பந்து மூலக்கூறைப் பார்க்க அவர் இல்லை.

செல்லங்களே, கிடைக்காத பரிசை எண்ணி அவர் நின்றுவிட்டிருந்தால், பென்சில் கரிக்குள் இருந்த இந்த அதிசயத்தை அளந்திருப்பாரா? யோசித்துப் பாருங்கள்!