ஷைகுல் ஜாமியா டாக்டர் ஜாகிர் உசேன்

குடியரசுத் தலைவராய் விளங்கியவர் என்ற அளவிலேயே நம் மாணவர்கள் டாக்டர் ஜாகிர் உசேன் அவர்களை அறிந்துள்ளனர். பொது அறிவு வினாத்தாளில் ஒரு மதிப்பெண்ணுக்குரிய விடையாக அப்பெயர் நின்றுவிட்டது. தமிழகத்தில் இளையான்குடியில் 1970-ஆம் ஆண்டு அவர் பெயரால் ஒரு கல்லூரி தோன்றியதையும் சிலர் அறிவர். ஆயின், அப்பெருமகனார் இரண்டாண்டுகளே வகித்த குடியரசுத் தலைவர் பதவியைக் காட்டிலும், இருபத்திரண்டு ஆண்டுகள் சுமந்த மற்றொரு பொறுப்பே அவர்தம் வாழ்வின் உயிர்ப்பகுதி என்பது நம் துணிபு. தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் துணைவேந்தர் பொறுப்பு அது. ஷைகுல் ஜாமியா என்று அதனை வழங்குவர்.

1897-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 8-ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்த ஜாகிர் உசேன், பத்து வயதில் தந்தையை இழந்தார். சில ஆண்டுகளில் அன்னையையும் கொள்ளைநோய் கொண்டு சென்றது. எட்டாவாவில் பள்ளிக் கல்வி முடித்து அலிகார் கல்லூரியை அடைந்தார். 1920 அக்டோபரில் அண்ணல் காந்தியடிகளும் மௌலானா முகமது அலியும் அலிகாருக்கு வந்து, ஆங்கில அரசின் பொருளுதவி பெறும் கல்விக்கூடத்தை விட்டு வெளியேறுமாறு மாணவர்களை அழைத்தனர். அவ்வழைப்பை ஏற்று வெளியேறியோருள் ஜாகிர் உசேனும் ஒருவர். வெளியேறியவர்களுக்குக் கல்வி வேண்டுமே! அதன்பொருட்டு அம்மாதம் 29-ஆம் நாள் அலிகாரிலேயே பிறந்ததுதான் ஜாமியா. தொடக்கத்தில் கூடாரங்களே அதன் வகுப்பறைகள்.

ஈராண்டு அங்குப் பாடஞ்சொல்லிய பின்னர், 1922-இல் ஜெர்மனி சென்று பெர்லின் பல்கலைக்கழகத்தில் பொருளியலில் முனைவர் பட்டத்துக்கு உழைத்தார். அங்கிருந்த நாளில் மகாகவி காலிபின் கவிதைத் தொகுப்பை அச்சிட முனைந்து, அச்சுக்கூடத்தில் தாமே எழுத்துக் கோத்தார் என்பது இலக்கியம் பயில்வோர் மகிழத்தக்க செய்தி.

இதற்கிடையில் ஜாமியாவின் நிலை இடருற்றது. அதனைத் தாங்கி நின்றது கிலாபத் இயக்கத்தின் பொருள். 1924-இல் துருக்கியிலேயே கிலாபத் ஒழிக்கப்பட்டதும் இயக்கம் தளர்ந்தது. பொருள் வரவும் நின்றது. மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. அச்செய்தி பெர்லினை எட்டியபோது, ஜாகிர் உசேனும் அவர்தம் நண்பர்களாகிய ஆபித் உசேன், முகமது முஜீப் ஆகியோரும் தாங்கள் வந்து உழைப்பதாகவும் ஜாமியாவை மூட வேண்டா என்றும் தெரிவித்தனர். பெரியவர் ஹகீம் அஜ்மல் கான் 1925-இல் ஜாமியாவைத் தில்லி கரோல் பாக்கிற்கு மாற்றித் தம் கைப்பொருளைக் கொண்டு காத்து வந்தார். 1926-இல் மூவரும் தாயகம் திரும்பினர். ஐரோப்பியப் பட்டத்தோடு வந்தோரைப் பெருஞ்சம்பளப் பதவிகள் எதிர்கொண்டு அழைத்திருக்கும். அவற்றை நாடாது, வாடகைக் கட்டடங்களில் இயங்கிய வறிய கல்விக்கூடத்தை அவர்கள் நாடினர். இருபத்தொன்பது வயதில் ஜாகிர் உசேன் ஷைகுல் ஜாமியா ஆனார்.

1927 டிசம்பரில் ஹகீம் அஜ்மல் கான் மறைந்தார். அதன்பின் என்ன செய்வது? நம் கருத்தில் ஜாமியாவின் வரலாறே இந்த இடத்தில்தான் திரும்புகிறது. 1928-இல் ஆசிரியர்கள் ஒன்றுகூடித் தேசியக் கல்விக்கென ஒரு சங்கம் அமைத்தனர். இருபது ஆண்டுகள் ஜாமியாவிலேயே பணியாற்றுவதாகவும், திங்களுக்கு நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் ஊதியம் கேட்பதில்லை என்றும் உறுதிமொழி எடுத்துக்கொண்டனர். நூற்றைம்பது என்பது மேல் எல்லை. அந்த எல்லையை எட்டாத ஊதியம்கூட மாதந்தோறும் தவறாது கிடைத்ததென்று கருதிவிடலாகாது. துணைவேந்தருக்கும் அதே விதிதான். இருபது ஆண்டு என்று சொல்லிவிடுவது எளிது. அதற்குள் மகளுக்கு மணம் முடிக்க வேண்டும், நோயாளிக்கு மருந்து வாங்க வேண்டும் என்பதைக் குடும்பத்தார் அறிவர். அவ்வாசிரியர்களின் மனைவியரைப் பற்றி வரலாற்று நூல்கள் போதிய அளவு எழுதாதது ஒரு குறையே. அவர்கள் இசையாமல் அவ்வுறுதிமொழி ஓராண்டுகூட நின்றிராது.

ஆசிரியர்கள் தம் ஊதியத்தை விட்டுக்கொடுத்தார்களென்றால், வெளியிலிருந்தோர் தம் காசைக் கொடுத்தனர். செல்வர்களின் பெருங்கொடையை எதிர்பார்த்திராமல், எளிய மக்களிடம் சிறுசிறு தொகை திரட்டுவதற்கென ஹம்தர்தானே ஜாமியா என்றோர் அமைப்பு தோன்றியது. ஷபீகுர் ரஹ்மான் கித்வாய் அதன்பொருட்டுப் பெரிதும் உழைத்தார்.

1935 மார்ச் முதல் நாள், யமுனைக் கரையருகே ஓக்லா என்னும் சிற்றூரில் ஜாமியாவின் சொந்தக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. அமைச்சரையோ நவாபையோ அழைப்பதே அக்கால வழக்கம். ஏன், எக்கால வழக்கமும் அதுதான். ஜாமியாவின் அடிக்கல்லை நாட்டியவர், அங்குப் பயின்ற மாணவர்களுள் வயதில் மிக இளையவரான அப்துல் அஜீஸ் என்னும் சிறுவர்.

குழந்தைகள்பால் ஜாகிர் உசேன் கொண்டிருந்த அன்பைப் பற்றி ஜாமியாவில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்திகள் பல. அழுக்குக் காலணியோடு வந்த மாணவர்களைக் கடிந்துகொள்ளாமல், வாயிலில் தாமே துடைப்பானும் மெருகுமாக அமர்ந்து அவர்தம் காலணிகளைத் துடைக்கத் தொடங்கினாராம். மற்றொன்று, படிப்போர் நெஞ்சைக் கனக்கச் செய்வது. தேர்வில் வென்ற சிறாருக்கு அவர் இனிப்பு வழங்கிக்கொண்டிருந்தபோது, வீட்டில் நோயுற்றிருந்த தம் மூன்று வயது மகள் ரைஹானா இறந்துவிட்டாள் என்ற செய்தி செவியில் சொல்லப்பட்டது. பிள்ளைகளின் மகிழ்ச்சியைக் குலைக்க மனமின்றி, முகம் வெளுத்த நிலையிலும் வழங்கி முடித்த பின்னரே வீடு சென்றார் என்பர். பின்னாளில் அவர் உருதுவில் எழுதிய சிறுவர் கதைகள் ருகையா ரைஹானா என்ற பெயரில் வெளிவந்தன. பிளேட்டோவின் குடியரசை உருதுவாக்கிய அதே கைதான் ஆட்டுக்குட்டிக் கதையையும் எழுதியது.

அவர் காலத்தில் ஜாமியாவுக்கு வந்து சேர்ந்தோருள் கெர்டா பிலிப்ஸ்போர்ன் என்னும் ஜெர்மானிய யூதப் பெண்மணியை நாம் மறத்தலாகாது. பெர்லினில் மூவர்க்கும் நட்பானவர். 1933-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தில்லி வந்து, மழலையர் பள்ளியிலும் விடுதியிலும் தம்மைக் கரைத்துக்கொண்டார். பிள்ளைகள் அவரை ஆபா ஜான், அதாவது அக்கா என்றழைத்தனர். போர்க்காலத்தில், ஜெர்மானியர் என்ற காரணத்தால் ஆங்கில அரசு அவரைக் காவலில் வைத்தது. விடுபட்டு வந்தவர் 1943-இல் புற்றுநோயால் மறைந்து, ஜாமியாவின் அடக்கத்தலத்திலேயே துயில்கிறார். அதற்கு முந்தைய ஆண்டில்தான், 1928-இன் உறுதிமொழியை மற்றொரு தலைமுறை ஆசிரியர்களும் ஏற்றிருந்தனர்.

1946 நவம்பரில் வெள்ளி விழா. நேருவும் ராஜாஜியும் ஒருபுறம், ஜின்னாவும் லியாகத் அலி கானும் மறுபுறமாக ஒரே மேடையில் அமர்ந்தனர். நாடெங்கும் கலவரத் தீ பரவிய நேரம். தீ மூட்டியவர் யாரென்று ஆராயும் நேரமன்று, முதலில் அணையுங்கள் என்ற கருத்துப்பட ஜாகிர் உசேன் தலைவர்களிடம் இறைஞ்சினார். தீ அணையவில்லை. 1947 ஆகஸ்டில் ஜலந்தர் இரயில் நிலையத்தில் அவரே கொலைக்கும்பலிடம் சிக்கி, ஒரு சீக்கியப் படை அதிகாரியாலும் ஓர் இந்து இரயில்வே அலுவலராலும் உயிர் பிழைத்தார். கரோல் பாக்கிலிருந்த ஜாமியாவின் பதிப்பகமும் எரிக்கப்பட்டது.

1948-இல், தாம் இளமையில் துறந்து வந்த அலிகாருக்கே துணைவேந்தராய்ச் சென்றார். பிரிவினையால் நிலைகுலைந்திருந்த அப்பல்கலைக்கழகத்தை எட்டாண்டுகள் காத்தார். ஜாமியாவின் பொறுப்பை முஜீப் ஏற்று 1973 வரை சுமந்தார். பின்னர் ஜாகிர் உசேன் பீகாரின் ஆளுநர், குடியரசுத் துணைத் தலைவர் என உயர்ந்தது நாடறிந்த செய்தி. 1963-இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1967 மே 13-இல் குடியரசுத் தலைவராகி, 1969 மே 3-இல் பதவியில் இருக்கும்போதே மறைந்தார்.

நாட்டின் முதற்குடிமகனாக மறைந்த அவரை, அக்காலத்தில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாய் இருந்த ஜாமியாவின் வளாகத்திலேயே நல்லடக்கம் செய்தனர். அது நடுவண் பல்கலைக்கழகமாக உயர்ந்தது 1988-இல்தான்.